பள்ளிவாசல் விறகும் பழுதான ரம்பமும்

 

காஞ்சிபுரம் என்றதும் வெளியூர் மக்களுக்குப் பட்டுச் சேலையும் கோயில் கோபுரங்களுமே நினைவுக்கு வருகின்றன. இவ்வூரில் வாழ்பவர்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் தெரியும். அதுதான் விறகு. கச்சாப் பட்டு தறியேறுவதற்கு முன் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவேண்டும். இழையைப் போர்த்தியிருக்கும் பசை, எடையில் ஏறத்தாழக் கால் பங்கு, அதில் கரைந்து நீங்கிய பிறகுதான் சாயம் பிடிக்கும். அந்தக் கொதிநீருக்கு அடியில் தலைமுறை தலைமுறையாக எரிந்தது விறகுதான். ஊரின் பெயர் தாங்கிய இட்லி மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து மணிக்கணக்கில் ஆவியில் வேகிறதே, அதற்கும் தேவை நின்று எரியும் நெருப்பு.

நம் இல்லங்களில் அன்றாடச் சமையல் எரிவாயுவுக்கு மாறி நெடுநாளாகிவிட்டது. ஆனால் நிக்காஹ்வும் வலீமாவும் வந்துவிட்டால் பண்டாரி முதலில் கேட்பது விறகைத்தான். தேக்சாவின் அடியிலும் மூடியின் மேலும் தணல் இருந்து தம் பிடித்தாலன்றிப் பிரியாணி பிரியாணியாகாது என்பது அவருடைய ஃபத்வா. (அதற்கு மறுப்பு எழுத நான் துணியவில்லை.) ரமளானிலோ லுஹர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வளாகத்தில் அடுப்பு மூட்டியாகவேண்டும், அஸருக்குள் கஞ்சி இறங்கவேண்டும். முப்பது நாளும் ஒரு நாள் கூடத் தவறாமல் இது நடக்கவேண்டும். கஞ்சிக்கான பச்சரிசியை 2001ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்கு வழங்கி வருகிறது. விறகு மட்டும் ஜமாஅத்தாரின் சொந்தப் பொறுப்பு.

எங்கள் மஹல்லாவில் அந்த விறகை அறுத்துக்கொண்டிருந்த ரம்பம், சென்ற ரமளானின் நடுப்பகுதியில் ஒரு நாள் உறுமி நின்றுவிட்டது. எத்தனை முறை கயிற்றை இழுத்தும் உயிர் வரவில்லை. மீதி நாட்களை வாடகை இயந்திரத்தைக் கொண்டு ஒப்பேற்றினோம். பெருநாள் கழிந்து ஜமாஅத் கூடியபோது புதிய ரம்பம் வாங்குவதில் கருத்து மூன்றாகப் பிரிந்தது. ஐந்தாறாயிரம் ரூபாய்க்கு எங்கும் கிடைக்கிறதே, அதையே வாங்கிக் கெட்டால் வேறொன்று வாங்குவோம் என்றனர் சிலர். வாங்குவதே வாங்குகிறோம், இருப்பதிலேயே பெரியதாக வாங்குவோம் என்றனர் வேறு சிலர். பழையதையே பழுது பார்க்கலாம் என்றார் முத்தவல்லி. இறுதியில் விசாரித்து வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கல்லூரியில் கலைப்பாடம் படித்துவிட்டு மதரஸாவில் ஓதிக்கொடுப்பவனுக்கு இயந்திரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். ஆங்கிலக் கையேட்டைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா என்று பதில் வந்தது. நான் விசாரித்து அறிந்ததை, இதே தேவையுள்ள மற்ற மஹல்லாக்களுக்கும் விறகுத்தொட்டி நடத்தும் சகோதரர்களுக்கும் பயன்படும் என்று கருதி எழுதுகிறேன்.

பழையது ஏன் இறந்தது?

புதியதைத் தேடுமுன் பழையதன் சாவுக்குக் காரணம் கேட்கவேண்டும். மெக்கானிக் எஞ்சினைப் பிரித்து, பிஸ்டனைத் துணியால் துடைத்து என் கையில் வைத்தார். பூனை பிறாண்டியது போல் நெடுக்குவாட்டில் கீறல்கள். எண்ணெய் கலக்காத பெட்ரோலில், அல்லது போதிய எண்ணெய் கலக்காத பெட்ரோலில் ஓடியதன் அடையாளம் அது என்றார். மோட்டார் காருக்கு எஞ்சின் எண்ணெய் தனியே ஒரு தொட்டியில் இருக்கும். இந்த வகை டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அப்படி எதுவும் இல்லை. பெட்ரோலோடு கலந்து உள்ளே போகும் எண்ணெய்தான் அதற்கு உயிர். யாரோ ஒருவர் அவசரத்தில் வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டார். அது யார் என்று நாங்கள் தேடவில்லை. கலவைக்கென்று தனிக் கேனும் அளவுக் குப்பியும் வாங்கி வைக்காத குற்றம் எங்கள் எல்லோருடையதும்தான்.

ஆக, பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அந்த இயந்திரம் அன்றே செத்திருக்கும்.

கோடரிக்கு ஒரு திர்ஹம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரைப் பற்றிய செய்தி அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய நூல்களில் அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாகப் பதிவாகியுள்ளது. அவர் வீட்டிலிருந்த விரிப்பும் பாத்திரமும் ஏலத்தில் இரண்டு திர்ஹத்திற்கு விலை போயின. ஒரு திர்ஹத்தில் குடும்பத்திற்கு உணவு வாங்கவும் மற்றதில் கோடரி வாங்கவும் பெருமானார் பணித்தார்கள். அந்தக் கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பும் பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்குமாறு அனுப்பினார்கள். பதினைந்து நாள் கழித்து வந்தபோது அவரிடம் பத்து திர்ஹம் இருந்தது.

இச்செய்தியை உழைப்பின் மேன்மைக்குச் சான்றாக நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ரம்பம் தேடி அலைந்த நாட்களில் எனக்கு அதில் வேறொன்றும் தென்பட்டது. கைப்பொருளில் சரிபாதி கருவிக்குச் சென்றது. அந்தக் கருவியும் உழைப்பவரின் கைக்கு ஏற்றபடி காம்பு பொருத்தப்பட்ட பிறகே கொடுக்கப்பட்டது.

அறுக்கப்போவது என்ன மரம்?

கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. எங்கள் பக்கத்தில் விறகென்றால் பெரும்பாலும் சவுக்கு, சீமைக்கருவேலம், புளி, வேம்பு. சவுக்கு 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு எரிபொருளாகவே சென்னை மாகாணத்தில் பரவலாக வளர்க்கப்பட்டது. ஒரு கிலோ உலர்ந்த சவுக்கில் ஏறத்தாழ 5,000 கிலோ கலோரி வெப்பம் உண்டு. தடி மெல்லியது, நேரானது. அறுப்பதற்குச் சிறிய இயந்திரமே போதும்.

சீமைக்கருவேலத்தின் கதை வேறு. 1877ஆம் ஆண்டளவில் விதையாக இந்தியாவுக்கு வந்தது, இன்று நம் ஏரிகளையும் பாலாற்றுப் படுகையையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை அகற்றச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணைகள் பிறப்பித்தது. 2022இல் தமிழக அரசு அந்நியக் களைத் தாவரங்களை ஒழிப்பதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆகவே இனிவரும் ஆண்டுகளிலும் மலிவாகக் கிடைக்கப்போகும் விறகு இதுதான். (மலிவு என்பதற்காகப் பிறர் நிலத்திலோ புறம்போக்கிலோ அனுமதியின்றி வெட்டிய மரத்தில் கஞ்சி காய்ச்சலாகாது என்பதை இங்கே சொல்லியாகவேண்டும்.) அதன் தடி கோணல்மாணலாக இருக்கும், பட்டையின் இடுக்கில் ஏரி மணல் ஒட்டியிருக்கும். ரம்பத்தின் பல்லுக்கு மரத்தைவிட மணலே பெரும் எதிரி. புளியோ நெடுநாள் காய்ந்துவிட்டால் இரும்புக்குச் சமம். ஊருக்குள் வெட்டிய வேம்பிலும் புளியிலும் ஆணியும் கம்பியும் புதைந்திருக்கும். அறுக்குமுன் கண்ணால் தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

எந்த மரமாயினும் பச்சையாக இருக்கும்போதே அறுத்துப் பிளந்துவிட்டுப் பிறகு காயவைப்பதே முறை. அறுப்பது எளிது, ரம்பமும் உழைக்கும், பிளந்த விறகு விரைவில் காயும். நாங்கள் இத்தனை ஆண்டுகளாகச் செய்துவந்தது இதற்கு நேர்மாறு. முழுத் தடியாகக் காயப்போட்டுவிட்டு, ரமளானின் முந்திய வாரத்தில் இரும்பாய் இறுகிய மரத்தோடு மல்லுக்கட்டுவோம். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ரமளான் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னே வருகிறது. 2030ஆம் ஆண்டில் ஜனவரித் தொடக்கத்தில் ஒரு ரமளானும் டிசம்பர் இறுதியில் மற்றொரு ரமளானும் வரவுள்ளன. அதற்கடுத்த ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே கஞ்சி காய்ச்சவேண்டியிருக்கும். அப்போது கோடையிலேயே அறுத்துக் கூரையின்கீழ் அடுக்கிய விறகு மட்டுமே எரியும். கடைசி வாரத்து வாடகை இயந்திரம் அன்றைக்குக் கைகொடுக்காது.

பெட்டியில் அச்சிட்ட எண்

கடைகளில் முதலில் காட்டப்படுவது ‘சிசி’ என்னும் எண். எஞ்சினின் கன அளவு அது. அதை மட்டும் நம்பாமல் கிலோவாட் எவ்வளவு என்று கேளுங்கள். உண்மையான ஆற்றல் அதுதான். எடுத்துக்காட்டாக, ஸ்டில் நிறுவனத்தின் எம்.எஸ். 250 என்பது 45.4 சிசி, 2.3 கிலோவாட், எடை சுமார் 4.6 கிலோ. அதே நிறுவனத்தின் எம்.எஸ். 382 என்பது 72.2 சிசி, 3.9 கிலோவாட், எடை 6.2 கிலோ. ஹஸ்க்வர்னா போன்ற நிறுவனங்களிலும் இவ்வாறே சிறிதும் பெரிதும் உண்டு. மலிவான இயந்திரங்களின் பெட்டியில் 58, 62 என்று பெரிய எண் இருக்கும். உள்ளே இருக்கும் அளவு அதற்குக் குறைவாக இருப்பதும் உண்டு. பிரபல நிறுவனங்களின் நிறத்தையும் எழுத்தையும் அப்படியே போலச் செய்தவையும் சந்தையில் உலவுகின்றன. தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்த வணிகரை நபிகளார் (ஸல்) கண்டித்த செய்தியை அறிந்த நாம், வாங்கும் இடத்திலும் விழிப்பாக இருக்கவேண்டும். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரா, ரசீது உண்டா, எஞ்சின் மீது வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இருப்பதிலேயே பெரியது வேண்டும் என்ற கட்சியினருக்கும் ஒரு சொல். ஓர் அடிக்குட்பட்ட குறுக்களவுள்ள தடிகளை அறுப்பதற்கு 45 முதல் 55 சிசி வரையிலான நல்ல இயந்திரமும் 16 அல்லது 18 அங்குலப் பாரும் தாராளம். (பார் என்பது சங்கிலி சுற்றி ஓடும் வாள் போன்ற தகடு.) இரண்டடிப் புளிய மரத்தை நாள் முழுவதும் அறுக்கும் விறகுத்தொட்டிக்கே 70 சிசி தேவை. ஒன்றரைக் கிலோ கூடுதல் எடை என்பது கடையில் தூக்கிப் பார்க்கும்போது தெரியாது. குனிந்து நின்று இரண்டு மணி நேரம் அறுப்பவரின் இடுப்புக்குத்தான் தெரியும். அறுக்கப்போகிறவரை உடன் அழைத்துச் செல்லாமல் ரம்பம் வாங்காதீர்கள். செருப்பு வாங்கவே ஆளைக் கூட்டிச்செல்கிறோமே!

நீடித்து உழைப்பதற்குரிய அடையாளங்கள் உள்ளே இருக்கின்றன. எஞ்சினின் அடிக்கூடு மக்னீசிய உலோகத்தாலானதா, பிளாஸ்டிக்கா? சிலிண்டரின் உட்புறம் நிக்கல் போன்ற கடினப் பூச்சுக் கொண்டதா? கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் இடையே அதிர்வைத் தாங்கும் சுருள்கம்பி அல்லது ரப்பர் இருக்கிறதா? கடைசியாகச் சொன்னது வெறும் வசதிக்காக அன்று. அதிர்வு ஆண்டுக்கணக்கில் விரல்களில் இறங்கினால் ரத்த ஓட்டம் குன்றி விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோய் உண்டு.

இவை அனைத்தையும்விட முக்கியமான கேள்வி ஒன்றிருக்கிறது. கயிறோ கார்ப்பரேட்டர் டயபிரமோ ஸ்பிராக்கெட்டோ கெட்டால், காஞ்சிபுரத்திலோ ஒரு மணிப் பயணத்தில் போய்வரும் ஊரிலோ அந்த உதிரிபாகம் கிடைக்குமா? ‘ஆர்டர் போட்டால் வரும்’ என்று ஒரு கடையில் சொன்னார்கள். ரமளான் இருபத்திரண்டாம் நாளில் ஆர்டர் போட்டால் பெருநாளைக்குள் வருமா என்று கேட்டேன். சிரித்தார்; பதில் சொல்லவில்லை. அக்கடையை விட்டு வந்துவிட்டோம்.

மின்சாரம் உள்ள ஓரிடத்திலேயே விறகை அடுக்கி அறுப்பவர்கள் 2,000 வாட்டுக்கு மேற்பட்ட மின் ரம்பத்தையும் கருதலாம். பெட்ரோல் கலவை, கார்ப்பரேட்டர் தொல்லை இல்லை, சத்தமும் குறைவு. ஆயினும் நாள் முழுவதும் ஓயாது ஓடினால் மோட்டார் சூடேறும், மழையில் ஆகாது.

புழு கற்றுத்தந்த பாடம்

சங்கிலி ரம்பத்தின் வரலாறு விந்தையானது. 1780களில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் இருவர் எலும்பை அறுப்பதற்காகக் கையால் இழுக்கும் சிறு சங்கிலி ரம்பத்தைப் பயன்படுத்தினார்கள். மரத்துக்கு அது வந்தது பிறகுதான். ஜெர்மானியரான ஆந்திரேயாஸ் ஸ்டில் 1926இல் மின்சாரத்தால் ஓடும் ரம்பத்தையும் 1929இல் பெட்ரோல் ரம்பத்தையும் செய்தார். ஆனால் அன்றைய சங்கிலிகள் விரைவில் மழுங்கின. 1946இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்னும் மரவெட்டி, ஒரு வண்டின் புழு மரத்தைக் குடைவதை உற்றுப் பார்த்தார். அதன் இரு தாடைகளும் இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவிக்கொண்டே போயின. அதே அமைப்பில் அவர் செய்த சங்கிலிதான் இன்று உலகெங்கும் ஓடும் சங்கிலிகளுக்கு மூலம். படைப்புகளை உற்று நோக்கிச் சிந்திக்குமாறு திருமறை திரும்பத் திரும்ப அழைக்கிறது. நாமோ புழுவைக் கண்டால் காலால் தள்ளிவிட்டுப் போகிறோம்.

காக்ஸின் சங்கிலியும் மழுங்காததன்று. கூராக இருக்கும்போது ரம்பத்திலிருந்து சீவல் சீவலாகத் தூள் விழும். மழுங்கினால் மாவு போல் பறக்கும். மாவைக் கண்டதும் நிறுத்தி அரம் போடவேண்டும். அதைச் செய்யாமல் கையால் அழுத்தி அறுப்பதனால்தான் எஞ்சின் சூடேறிக் கெடுகிறது. சங்கிலியின் அளவுக்கேற்ற உருளை அரம் வேண்டும்: கால் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட .325 வகைக்கு 4.8 மி.மீ., முழு அளவு மூன்றேயெட்டு வகைக்கு 5.2 மி.மீ. தப்பான அரம் பல்லைக் கெடுத்துவிடும்.

எண்ணெயும் பெட்ரோலும்

கலவை விகிதத்தை இயந்திரத்தின் கையேடே சொல்லும். 1க்கு 50 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. எண்ணெய், 1க்கு 25 என்றால் 40 மி.லி. மெக்கானிக் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மாற்றலாகாது. இன்று பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நாள்பட்டால் நீர் அடியில் பிரிந்து தங்கும். ரப்பர் பாகங்களையும் அரிக்கும். வாங்கப்போகும் இயந்திரம் அதைத் தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள். கலவையை ஒரு மாதத்திற்கு மேல் வைக்காதீர்கள். வேலை முடிந்து எடுத்துவைக்கும்போது தொட்டியைக் காலிசெய்து, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். ஆண்டில் பத்து மாதம் சும்மா கிடக்கும் பள்ளிவாசல் ரம்பத்திற்கு இதைவிடப் பெரிய மருந்தில்லை.

சங்கிலிக்கென்று தனி எண்ணெய்த் தொட்டி உண்டு. அதில் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அது சங்கிலியைத் தேய்ப்பதோடு அறுத்த விறகின் மீதும் தெறிக்கிறது. அந்த விறகில்தான் நோன்பாளிகளுக்குக் கஞ்சி வேகிறது. எண்ணெய் சரியாக வருகிறதா என்றறிய, பாரின் நுனியை ஒரு காகிதத்தின் மேல் தொடாமல் பிடித்து வேகம் கொடுத்தால் காகிதத்தில் எண்ணெய்க் கோடு விழவேண்டும்.

கைலியைக் கழற்றுங்கள்

சங்கடமான செய்தியை இறுதிக்கு வைத்திருந்தேன். நம் ஊர்களில் இவ்வேலையைச் செய்யும் சகோதரர்கள் பலரும் கைலியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு நிற்கிறார்கள். ஒரு நொடியில் பல பற்கள் கடந்து செல்லும் சங்கிலியில் கைலியின் முனை சிக்கினால் என்னவாகும்? பாரின் நுனியில் மேற்பகுதி மரத்தைத் தொட்டால் இயந்திரம் கண்ணிமைக்குமுன் முகத்தை நோக்கி எகிறும். அப்போது காப்பது முன்கைப்பிடிக்கு முன்னாலுள்ள செயின் பிரேக் ஒன்றுதான். அது இல்லாத இயந்திரத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இருந்தால் தினமும் சோதித்துப் பாருங்கள். சங்கிலி பட்டதும் நார்களாகப் பிரிந்து அதைச் சுற்றி நிறுத்திவிடும் காலுறைக் கவசம் விற்கிறது. தடித்த காலணி, கண்ணாடி, காதுமூடி ஆகியவற்றையும் சேர்த்து ரம்பத்தின் விலையாகவே கணக்கிடுங்கள். ஜமாஅத் கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது, இத்தனை நாளும் ஒன்றும் ஆகவில்லையே என்றார் ஒருவர். விறகு அறுக்கும் பாய் அதுவரை பேசாதிருந்தவர், தம் இடது முழங்காலுக்குக் கீழே கைலியை விலக்கிக் காட்டினார். ஒரு சாண் நீளத் தழும்பு. வேலை போய்விடுமோ என்று யாரிடமும் சொல்லவில்லையாம். கவசத்துக்கான பணம் அன்றே ஒதுக்கப்பட்டது.

எந்த நிறுவனத்தின் ரம்பத்தை வாங்கினோம் என்று எழுதினால் விளம்பரமாகிவிடும். ஐம்பது சிசியை ஒட்டியது, மக்னீசியக் கூடு, மெக்கானிக் கடை பள்ளிவாசலிலிருந்து நடந்துபோகும் தொலைவு. விலை, மலிவு இயந்திரத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். வாங்கிய பின் இரண்டு லோடு பச்சைக் கருவேலமும் ஒரு பழைய புளிய மரமும் அறுத்தாகிவிட்டது. கூடுதலாக ஆன செலவு ஒரு சங்கிலி, இரண்டு அரம். கலவைக் கேனில் சிவப்புப் பெயிண்டால் அளவு எழுதியிருக்கிறோம். அளவுக் குப்பியை அதன் கழுத்திலேயே கயிற்றால் கட்டியாயிற்று. ரம்பத்தை இயக்கும் அனுமதி பாய்க்கும் அவர் பழக்கிய ஓர் இளைஞருக்கும் மட்டுமே. தொழுகை நேரத்திலும் பிள்ளைகள் ஓதும் நேரத்திலும் அது ஓடுவதில்லை. அந்தக் கடைசி நிபந்தனை மட்டும் நான் என் சொந்த நலனுக்காகச் சேர்த்தது.